டிபி (காசநோய்) வார்டில் நீங்கள் பார்த்தது: ஊர்ப் பெயரில் எழுதியவர்கள் சொன்னவை

வில்லியனூர்:
அப்பாவுக்கு டிபி. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், புதுச்சேரிதான். சாப்பாடு கொண்டுவந்தவர் அறைக்குள் வரவில்லை. தட்டை வாசலில் வைத்துக் காலால் உள்ளே தள்ளினார். சாம்பார் தளும்பித் தரையில் கொட்டியது. ஏஎஃப்டி மில்லில் தறி ஓட்டிய மனுஷன், யாரிடமும் கைநீட்டாதவர், கட்டிலிலிருந்து இறங்கிக் குனிந்து அதை எடுத்தார். "பசிக்கலடா" என்று ஓரமாக வைத்துவிட்டார். இப்போது குணமாகிவிட்டது. எனக்கு அந்தக் கால் மறக்கவில்லை.

கடலூர் முதுநகர்:
எங்களுக்கு புதுச்சேரி கோரிமேடு ஆஸ்பத்திரியில் நேர்மாறாக நடந்தது. மாத்திரை ஆரம்பித்ததும் அண்ணிக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போக, ரத்தம் என்று நினைத்து அழுதுவிட்டார். சிஸ்டர் மாஸ்க்கோடு கட்டிலிலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ரிஃபாம்பிசின்னு டிபி மருந்தோட நிறம்மா இது, பயப்படாதீங்க" என்றார். அண்ணி அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

திருப்பாதிரிப்புலியூர்:
நான் ஆஸ்பத்திரி ஊழியன். வில்லியனூர், அவர் செய்தது தப்புதான். ஆனால் சாப்பாடு தருகிறவருக்கு என்95 மாஸ்க் கொடுத்தார்களா? டிபி எப்படிப் பரவும் என்று சொன்னார்களா? எனக்கு முதல் வருஷம் யாரும் சொல்லவில்லை. சளி டப்பாவைத் தொடவே கை நடுங்கும்.

வில்லியனூர்:
பயம் புரிகிறது. வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்திருந்தால் நானே எடுத்திருப்பேன்.

பண்ருட்டி:
என் மாமியாருக்கு வீட்டிலேயே தனித் தட்டு, தனி டம்ளர். அவரே கழுவிக் கொல்லைக் கல்மேல் கவிழ்த்து வைப்பார். பார்க்கவே முடியாது. தட்டிலோ துணியிலோ டிபி ஒட்டாது, இருமும்போது காற்றில்தான் பரவும். தட்டைப் பிரிப்பதை விட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே தொற்றுவது வெகுவாகக் குறையும். அதற்காக மாத்திரையை விட்டுவிடக் கூடாது. சாதாரண டிபிக்கு 6 மாதம், முதல் 2 மாதம் நான்கு மருந்து. நடுவில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத டிபியாகத் திரும்பலாம். வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்யுங்கள். 5 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் தடுப்பு மருந்து பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். அப்புறம், டிபி நோயாளிகளுக்குச் சத்துணவுக்காக அரசு தரும் நிக்ஷய் போஷண் பணம் முன்பு மாதம் 500, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். வங்கிக் கணக்கு விவரம் கொடுக்காதவர்கள் உடனே கொடுங்கள். முட்டைக்கும் பருப்புக்கும் ஆகும்.