புல்வெளிக்கு அடியில் ஓர் ஊர்

அக்கா: 📷 படம்
பெரியப்பா, நேற்று அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து மேற்கே பைக் கவுண்டிக்கு (நம்ம மாவட்டம் மாதிரி) போனோம். ஹாட்லி டவுன்ஷிப். இந்தப் புல்வெளி ஒரு காலத்தில் நியூ பிலடெல்பியா என்ற ஊர்.

சித்தி: புல்தானே தெரிகிறது. வீடு எங்கே?

அக்கா: அந்த ஊரின் வீடு ஒன்றுகூட இன்று நிற்கவில்லை சித்தி. தோண்டிப் பார்த்துதான் அஸ்திவாரங்களைக் கண்டுபிடித்தார்கள்.

பெரியப்பா: டவுன்ஷிப் என்றால் அங்கே நம்ம ஊர் மாதிரி குடியிருப்பு இல்லை. 1785 நில அளவைச் சட்டப்படி ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம். உள்ளே 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். 16-வது செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கு. அளந்தது கண்டர் சங்கிலியில். நீளம் 66 அடி, அதில் 100 கண்ணி, அதாவது லிங்க். நான் சர்வேயராகச் சேர்ந்தபோது நம் பழைய புலப்படங்களும் அதே லிங்க் கணக்கில்தான் இருந்தன.

அக்கா: அதே சங்கிலியா! இந்தப் பகுதி இல்லினாய்ஸ் ஆற்றுக்கும் மிசிசிப்பிக்கும் நடுவில் இருக்கிறது. பிரிட்டனோடு நடந்த 1812 போரில் சண்டையிட்ட சிப்பாய்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் என்று ஒதுக்கிய நிலம். பலர் வந்து பார்க்காமலே விற்றுவிட்டார்கள்.

சித்தி: ஊரை உண்டாக்கியது யார்?

அக்கா: அதைச் சொல்லத்தான் இவ்வளவும். ஃபிராங்க் மெக்வொர்ட்டர். 1777-ல் தெற்குக் கரோலைனாவில் அடிமையாகப் பிறந்தவர். கென்டக்கியில் எசமான் வேலை போக மிஞ்சிய நேரத்தில் வெடியுப்பு எடுத்து விற்றுக் காசு சேர்த்தார். 1817-ல் 800 டாலர் கொடுத்து முதலில் மனைவி லூசியை மீட்டார். தன்னை அல்ல.

சித்தி: ஏன் அப்படி?

அக்கா: லூசி அப்போது கர்ப்பம். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, அதுதான் சட்டம். அந்தக் குழந்தை சுதந்திரமாகப் பிறந்தது. தன்னை 1819-ல்தான் மீட்டுக்கொண்டார், அதற்கும் 800 டாலர்.

சித்தி: படிக்கும்போதே தொண்டை அடைக்கிறது.

அக்கா: 1830-ல் இல்லினாய்ஸுக்குக் கிளம்பினார். 1836-ல் மனைப்படம் போட்டு முறைப்படி பதிவு செய்தார். அமெரிக்காவில் ஒரு கறுப்பர் திட்டமிட்டுப் பதிவு செய்த முதல் ஊர் இதுதான் என்கிறார்கள். மனைகளை விற்ற காசு பிள்ளைகளை மீட்கத்தான். கறுப்பர்களும் வெள்ளையர்களும் வாங்கிக் குடியேறினார்கள். அப்போது மிசிசிப்பிக்கு அந்தப் பக்கம் மிசௌரியில் அடிமைச் சந்தை நடந்துகொண்டிருந்தது.

பெரியப்பா: மனை எத்தனை? அளவு என்ன?

அக்கா: 144. ஒவ்வொன்றும் 60-க்கு 120 அடி.

பெரியப்பா: 7,200 சதுர அடி. நம் கணக்கில் சரியாக மூன்று கிரவுண்ட். தாராளமாகத்தான் பிரித்திருக்கிறார். சரி, பதிவில் சொத்து அவர் பெயரில் நிற்குமா? அந்தக் காலத்து இல்லினாய்ஸில் கறுப்பர்களுக்குத் தனிச் சட்டங்கள் இருந்தனவே.

அக்கா: அதனால்தான் 1837-ல் சட்டமன்றத்தில் தனியாக ஒரு சட்டமே வாங்கினார். மெக்வொர்ட்டர் என்ற குடும்பப் பெயரும், வழக்குப் போடும் உரிமையும் அதில் வந்தன.

பெரியப்பா: காகிதத்தின் அருமை தெரிந்த மனிதர். அவரையே ஒரு காலத்தில் சொத்தாக எழுதி வைத்திருந்தார்கள் அல்லவா.

சித்தி: பிறகு ஊர் ஏன் அழிந்தது?

அக்கா: 1869-ல் ரயில் வந்தது. ஊருக்குள் வராமல் சுமார் ஒரு மைல் வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது. வியாபாரம் ரயில் நின்ற இடங்களுக்கு நகர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மனையெல்லாம் திரும்ப வயலாகிவிட்டது. 2022 டிசம்பரில்தான் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள்.

சித்தி: பிள்ளைகள் எல்லோரும் வந்து சேர்ந்தார்களா?

அக்கா: 1854-ல் அவர் இறந்தபோது குடும்பத்தில் சிலர் இன்னும் அடிமைகள்தான் சித்தி. நிலத்தை விற்று அவர்களை மீட்க வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். குடும்பத்தார் அதன்படியே செய்தார்கள்.

பெரியப்பா: அந்த மனைப்படம் கிடைத்தால் அனுப்பு பாப்பா. பெரிதாக அச்செடுத்து ஒவ்வொரு மனையாகப் பார்க்க வேண்டும்.