முதல் வீடு: ஊரப்பாக்கத்தில் 58 லட்சம் ஃபிளாட், ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள்

மழைக்கொடி:

வணக்கம். வயது 27, சிறுசேரியில் வேலை, பிடித்தம் போக கையில் 68,000 வருகிறது. மேடவாக்கத்தில் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து வாடகைக்கு இருக்கிறேன், என் பங்கு 9,000. சேமிப்பு 14 லட்சம், வேறு கடன் எதுவும் இல்லை. சொந்த ஊர் சிவகாசி பக்கம். அப்பா அடுத்த வருடம் ரிட்டயர் ஆகிறார், அதற்குள் என் பேரில் ஒரு வீடு இருந்துவிட வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

ஊரப்பாக்கத்தில், ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, இரண்டு பெட்ரூம் ஃபிளாட் பார்த்தோம். 960 சதுர அடி, 58 லட்சம், பதிவுச் செலவும் ஜிஎஸ்டி வரியும் தனி. கட்டடம் இரண்டாவது மாடி வரை எழும்பியிருக்கிறது. மார்க்கெட்டிங் ஆள், ஞாயிற்றுக்கிழமைக்குள் 2 லட்சம் கட்டினால் கார் பார்க்கிங் இலவசம், 90% லோன் நாங்களே வாங்கித் தருகிறோம், எல்லா பேங்க்கும் அப்ரூவ் செய்த ப்ராஜெக்ட், அதனால் டாக்குமென்ட் பற்றிக் கவலையே வேண்டாம் என்கிறார். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு மட்டும் எங்கேயோ இடிக்கிறது, ஆனால் எது என்று சொல்லத் தெரியவில்லை. விஷயம் தெரிந்த அண்ணா, அக்கா யாராவது சொல்லுங்கள், ஞாயிறு வர இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.

பழைய பேங்க்காரர்:

அம்மா, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம். 58 லட்சம் என்பது போர்டில் எழுதும் விலை. கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட், 45 லட்சத்துக்கு மேல், அதனால் ஜிஎஸ்டி 5%, அது 2.9 லட்சம். பதிவுக்கு, பில்டரிடமிருந்து நேராக வாங்கும் புது ஃபிளாட் 50 லட்சத்துக்கு மேல் 3 கோடிக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 5%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 7%. அது 4 லட்சத்து 6 ஆயிரம். இப்போதே கிட்டத்தட்ட 65 லட்சம் ஆகிவிட்டது. இதில் ஈபி, தண்ணீர் இணைப்பு, கார்ப்பஸ் (பிற்காலப் பெரிய பழுதுகளுக்கான பொது நிதி), முன்கூட்டியே வாங்கும் பராமரிப்புப் பணம் எதுவும் சேரவில்லை. கிச்சன் அலமாரி, ஃபேன், கிரில் என்று குடிபோகும்போது எப்படியும் மூன்று நான்கு லட்சம் இழுக்கும்.

90% லோன் என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குத்தான் 90%. அதற்கு மேல் 75 லட்சம் வரை 80%தான், பத்திரச் செலவு அந்தக் கணக்கில் வராது. 58-க்கு 80% என்றால் 46.4 லட்சம். ஜிஎஸ்டியையும் விலையோடு சேர்த்துக்கொள்ளும் வங்கியாக இருந்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மீதி பதினெட்டரை லட்சமும் குடிபோகும் செலவும் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். உங்களிடம் 14 இருக்கிறது. மிச்சத்தைப் பர்சனல் லோனில் சமாளிக்கலாம் என்பார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். விலையைக் கூட்டிக் காட்டி லோன் வாங்கலாம் என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து மாதத் தவணை. 46.4 லட்சம், 8.5% வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 40,000-க்குக் கொஞ்சம் மேலே வரும், கடைசியில் கட்டியிருப்பது 96 லட்சத்தைத் தாண்டும். 68,000-ல் 40,000 போனால் மிச்சம் 28,000, அதில் பராமரிப்பு, சாப்பாடு, பஸ், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம். வேலை ஆறு மாதம் இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள் என்பதற்குப் பதில் இல்லாமல் இந்தக் கடனில் கையெழுத்துப் போடக் கூடாது. இந்தச் சம்பளத்துக்கு 28,000, 30,000-க்குள் தவணை இருந்தால்தான் தூக்கம் வரும்.

இன்னொன்று, கட்டடம் முடியும்வரை வங்கி விடுவித்த தொகைக்கு வட்டி மட்டும் கட்டுவீர்கள், வாடகையும் கட்டுவீர்கள். பில்டர் ஒரு வருடம் தாமதித்தால் அந்த ஒரு வருடமும் இரண்டும் சேர்ந்து ஓடும். வருமான வரி மிச்சமாகும் என்று அவர் ஒரு பேப்பரில் எழுதிக் காட்டியிருப்பார். நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே கிடையாது. பழைய முறையிலும் சாவி கைக்கு வந்த பிறகுதான் 2 லட்சம் வரையிலான வட்டிக் கழிவு ஆரம்பமாகும்.

எப்போது வாங்கினாலும் ஒன்று மட்டும் செய்யுங்கள். மிதவை வட்டிக் கடனை, அதாவது வட்டி விகிதம் ஏறி இறங்கும் கடனை, முன்கூட்டிக் கட்டினால் தனிநபருக்கு அபராதம் இல்லை. வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டிவந்தால் 20 வருடக் கடன் ஏறக்குறைய மூன்றரை வருடம் முன்னதாக முடியும். போனஸ் வரும் மாதத்திலேயே கட்டிவிடுங்கள்.

பத்திரம் பார்ப்பவள்:

எங்கேயோ இடிக்கிறது என்கிறீர்களே, அது இடிக்க வேண்டிய இடம்தான். எல்லா பேங்க்கும் அப்ரூவ் செய்தது என்ற வாக்கியத்தைக் கேட்டுவிட்டு மூலப்பத்திரத்தைக்கூடப் பார்க்காமல் வாங்கியவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து உட்காரும்போது எனக்கு வயிறு எரியும். வங்கியின் வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார். உங்களுக்காகப் பார்க்க ஒருவர் வேண்டும், பில்டர் காட்டும் வக்கீலாக அவர் இருக்கக் கூடாது. 58 லட்சம் போடும் இடத்தில் வக்கீல் ஃபீஸைச் சேமிக்காதீர்கள்.

இன்றைக்கு ராத்திரியே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். பில்டரிடம் சர்வே எண்ணையும், ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும் கேளுங்கள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ எட்டு வீட்டுக்கு மேல் கட்டினாலோ ரெரா பதிவு கட்டாயம். தமிழ்நாடு ரெரா தளத்தில் அந்த எண்ணைப் போட்டு, எத்தனை மாடிக்கு அனுமதி, எப்போது முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் ஃபிளாட்டின் கார்ப்பெட் ஏரியா, அதாவது உள்ளே புழங்கும் பரப்பு, எவ்வளவு என்று பாருங்கள். 960 என்பது சுவர், படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் சேர்த்த கணக்கு, உள்ளே நீங்கள் நடக்கும் இடம் 700-ஐ ஒட்டி இருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. அப்புறம் யூடிஎஸ். மண்ணில் உங்கள் பங்கு எத்தனை சதுர அடி என்று எழுத்தில் கேளுங்கள். கட்டடம் வருடா வருடம் பழசாகும், முப்பது வருடம் கழித்து மதிப்பு நிற்பது அந்த மண்ணில்தான். எல்லா ஃபிளாட்டின் யூடிஎஸ்ஸையும் கூட்டினால் மொத்த மனைக்குச் சரியாக வருகிறதா என்றும் பாருங்கள்.

சர்வே எண் கிடைத்ததும் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பாருங்கள், குறைந்தது 30 வருடத்துக்கு. உட்பிரிவு எண் எல்லாவற்றையும், பழைய சர்வே எண் இருந்தால் அதையும் சேர்த்துப் போட வேண்டும். இப்போதைய உட்பிரிவை மட்டும் போட்டால் பழைய பதிவுகள் வராமல் போகலாம், கையில் இருக்கும் பேப்பர் சுத்தமாகத் தெரியும். அதில் 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்று ஒரு பதிவு வந்தால் யாரோ பத்திரத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதே கடனுக்கு 'ரசீது' என்று பின்னால் ஒரு பதிவு இருந்தால் கடன் தீர்ந்தது, இல்லையென்றால் இன்னும் நிற்கிறது. பில்டர் ப்ராஜெக்டையே வைத்துக் கடன் வாங்கியிருந்தால், உங்கள் ஃபிளாட்டை விடுவிக்கிறோம் என்று கடன் கொடுத்தவரிடமிருந்து தடையில்லாச் சான்று வந்தாக வேண்டும். பதிவு செய்யாத உயிலோ கோர்ட் வழக்கோ வில்லங்கத்தில் காட்டாது, அதற்குத்தான் வக்கீல்.

நிலம் பில்டருடையதா, இல்லை நிலத்துக்காரரிடம் பவர் (அவர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) வாங்கிக் கட்டுகிறாரா என்பதையும் கேளுங்கள். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் நிறைய இடம் ஒரு காலத்தில் விவசாயக் குடும்பங்களின் பொதுச்சொத்து, ஐந்து வாரிசில் ஒருவர் கையெழுத்து இல்லாமல் விற்ற கதைகள் உண்டு. பவர் எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைக்கூடப் பார்ப்போம் நாங்கள். பட்டா யார் பேரில், கட்டட அனுமதி கொடுத்தது சிஎம்டிஏவா (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) டிடிசிபியா (நகர் ஊரமைப்பு இயக்ககம்), அந்தப் பிளானில் இருப்பதுதான் அங்கே எழும்புகிறதா, இதெல்லாம் அதோடு சேர்ந்தது.

2 லட்சம் கட்டுவது சட்டப்படி தப்பில்லை, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10%-க்கு மேல் வாங்கத்தான் தடை. ஆனால் வேண்டாம் என்றால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்ட பேப்பர் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். திறந்தவெளி கார் பார்க்கிங்கைத் தனியாக விற்கவே கூடாது, அதை இலவசம் என்று கொடுப்பது உங்களுக்கு ஒரு சலுகையே இல்லை.

ஊரப்பாக்கம்வாசி:

நான் இங்கேயே குடியிருக்கிறேன், ஊரைக் குறை சொல்ல வரவில்லை. ரயில் இருக்கிறது, கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 கடைசியில் திறந்ததிலிருந்து ஊருக்குப் போகிறவர்களுக்குப் பெரிய வசதி, உங்கள் அப்பா அம்மா சிவகாசியிலிருந்து வந்தால் பக்கத்திலேயே இறங்கலாம். ஆனால் நீங்கள் போவது சிறுசேரிக்கு. வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டில் காலை எட்டரை மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட்டில் அது தெரியாது.

மழையை மட்டும் லேசாக எடுக்காதீர்கள். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன ஆனது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கூடுவாஞ்சேரியில் நந்திவரம் ஏரி நிறைந்தால் உபரி நீர் போகும் வழியில் உள்ள தெருக்கள் இன்றைக்கும் பயப்படுகின்றன. ஊரப்பாக்கத்திலும் தெருவுக்குத் தெரு வித்தியாசம். நீங்கள் பார்த்த மனைக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் மளிகைக்கடையில் கேளுங்கள், தண்ணீர் எதுவரை வந்தது என்று கையால் சுவரில் காட்டுவார்கள். காம்பவுண்டு சுவர்களில் பழைய கறைக்கோடும் இருக்கும். புதுக் கட்டடத்தை உயர்த்திக் கட்டியிருப்பார்கள், ஆனால் ரோடு மூழ்கினால் நீங்கள் வெளியே வர முடியாது, ஈபி பெட்டியும் லிஃப்ட் குழியும் கீழேதான் இருக்கும்.

தண்ணீர் அடுத்தது. போர்வெல் எத்தனை அடி, மே மாதத்தில் எத்தனை லாரி வாங்குகிறார்கள், கழிவுநீருக்குப் பாதாளச் சாக்கடை உண்டா இல்லை லாரி வந்து உறிஞ்சுகிறதா என்று பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் கேளுங்கள். பராமரிப்புக் கட்டணம் ஏறுவது பாதி இந்த இரண்டால்தான். அதே பில்டர் முன்னால் கட்டிய கட்டடம் எங்கே என்று கேட்டு அங்கேயும் போய், குடியிருப்பவர்களிடம் சொன்ன தேதியில் சாவி கொடுத்தாரா என்று விசாரியுங்கள்.

செலையூர் மாமா:

எல்லாரும் சேர்ந்து பெண்ணைப் பயமுறுத்த வேண்டாம். 27 வயதில் 14 லட்சம் சேர்த்திருக்கிறாள், பாராட்ட வேண்டிய விஷயம். காத்திருந்தால் விலை குறையும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. என் யோசனை, இந்த ஃபிளாட்டை விட்டுவிட்டு, எட்டுப் பத்து வருடம் ஆன ரீசேல் ஃபிளாட் பாருங்கள். ஜிஎஸ்டி கிடையாது. பதிவு 9%, அதாவது முத்திரை 7, கட்டணம் 2. கட்டடம் கண்முன்னே நிற்கிறது, எந்தச் சுவர் ஓதம் வாங்குகிறது, எந்த வீட்டுக்காரர் மெயின்டனன்ஸ் கட்டாமல் சண்டை போடுகிறார், எல்லாம் விசாரித்தால் தெரிந்துவிடும். 42 லட்சத்தில் ஒன்று அமைந்தால் 80% கடன் 33.6 லட்சம், தவணை 29,000 சொச்சம். கையிலிருந்து பன்னிரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். கடன் கிடைத்த மாதமே குடிபோகலாம், வாடகையும் நின்றுவிடும்.

பழைய பேங்க்காரர்:

மாமா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதிலும் கையில் இரண்டு லட்சத்துக்குள்தான் மிஞ்சும். இன்னும் ஒரு வருடம் மாதம் 30,000 ஒதுக்கிப் பழகிவிட்டு வாங்கினால் தவணை கட்டும் பழக்கமும் வரும், ஆபத்துக்குப் பணமும் இருக்கும். அவசரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மழைக்கொடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெராவில் தேடினேன். பதிவு இருக்கிறது, ஆனால் கார்ப்பெட் ஏரியா 672 சதுர அடி, முடிக்கும் தேதி அவர் வாயால் சொன்னதைவிட பதினான்கு மாதம் தள்ளி இருக்கிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அவரை இணைக் கடன்தாரராகச் சேர்த்தால் தொகை கூடும் என்று மார்க்கெட்டிங் ஆள் சொன்னதும் நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றுவிட்டார். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

பத்திரம் பார்ப்பவள்:

அந்தக் கையெழுத்தைத் தடுத்துவிடுங்கள். இணைக் கடன்தாரர் என்றால் நீங்கள் கட்டாத மாதம் வங்கி அவரைத்தான் கேட்கும், ரிட்டயர்மென்ட் பணத்துக்கே ஆபத்து. அவரிடம் வீடு வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அவர் மனது தாங்காது. ரெரா பக்கத்தை பிரின்ட் எடுத்து, விளம்பரத் தாளையும் பக்கத்தில் வைத்து, 960-ஐயும் 672-ஐயும் அவரே படிக்கட்டும். பேங்க்காரர் போட்ட கணக்கை உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். மகள் விவரமாகத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலான அப்பாக்கள் அடங்கிவிடுவார்கள், ஊரில் என்ன சொல்வது என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

மார்க்கெட்டிங் ஆளுக்கு, வக்கீல் பார்த்து முடித்த பிறகுதான் பணம் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிவிடுங்கள், போனில் பேசாதீர்கள். சர்வே எண் வந்ததும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். புரியாத வரி இருந்தால் பெயர், எண் எல்லாம் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.