மறு: கெர்ப் கட் – ஒரு சொல்லா, மூன்று சொல்லா?

வணக்கம்.

'கெர்ப் கட்' (curb cut: சாலை, வாகன நிறுத்தம் ஆகியவற்றின் விளிம்பில் வரிசையாக நிற்கும் ஓரக்கல்லை ஓரிடத்தில் தாழ்த்தியோ திறந்தோ விடுவது) என்பதற்குத் தமிழில் 'ஓரக்கல் வெட்டு' போதும், இழையை முடித்துவிடலாம் என்று முந்தின மடலில் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை ஐயா. ஓரக்கல் சரி. வெட்டுதான் இடிக்கிறது. கல்லை உடைத்தோம் என்பது மட்டும்தான் அதில் தெரிகிறது, எதற்காக உடைத்தோம் என்பது தெரிவதில்லை. மனை வடிவமைப்பு விதிகளில் அந்த ஒரே ஆங்கிலச் சொல் மூன்று வேலைக்கு வருகிறது: நடப்பவர் ஏறி இறங்க, வண்டி உள்ளே நுழைய, மழைநீர் வழிந்து போக. மூன்றுக்கும் அளவு வேறு. ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நடப்பவர்களை எடுத்துக்கொள்வோம். சக்கர நாற்காலிக்கான சரிவு 1:12-ஐவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது என்பது பல நாட்டு விதிகளில் உள்ள அளவு. ஓரக்கல் 150 மி.மீ. உயரம் என்றால் சரிவு 1.8 மீட்டர் ஓடியாக வேண்டும். நடைபாதையே 1.5 மீட்டர்தான் என்றால் சரிவு முழுப் பாதையையும் விழுங்கிவிடும், மேலே நாற்காலியைத் திருப்பச் சமதளம் மிஞ்சாது, அப்போது நடைபாதையையே சேர்த்துத் தாழ்த்த வேண்டியதுதான். ஆக, இங்கே வேலை முழுக்கச் சரிவில்தான் இருக்கிறது. 'சாய்தளம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தாலும் அது கட்டட வாசலுக்கும் பொது. ஆகவே 'ஓரச்சரிவு'.

இன்னொன்று. பார்வையற்றவரின் கோலுக்குச் சாலை எங்கே தொடங்குகிறது என்று சொல்வதே அந்த ஓரக்கல்தான். அதைச் சரித்துவிட்டால் அடையாளம் போய்விடும். அதனால்தான் அங்கே குமிழ் வைத்த ஓடு பதிக்கிறார்கள் (ஜப்பானில் செய்இச்சி மியாகே உருவாக்கியது, 1967-இல் ஒகயாமாவில் முதலில் பதித்தார்கள்). இதற்குக் 'குமிழ் ஓடு' போதுமே, 'தொடுணர் தளப்பாவல்' என்று பல்லை உடைத்துக்கொள்ள வேண்டாம். சேர்த்து மட்டும் எழுதிவிடாதீர்கள், 'குமிழோடு' வேறு பொருளுக்குப் போய்விடும்!

வாகன நிறுத்தத்துக்குள் வண்டி நுழையும் இடத்துக்கு 'வண்டிக்கடவு' என்று வைக்கலாம். இலங்கையில் பாதசாரிக் கடவை என்கிறார்கள், அங்கே நடப்பவர் வண்டிப் பாதையைக் கடக்கிறார். இங்கே தலைகீழ், வண்டிதான் நடப்பவரின் பாதையைக் கடக்கிறது. 'நுழைவாயில்' என்றால் அந்த இடமே வண்டிக்குச் சொந்தம் போல ஆகிவிடுகிறது. நல்ல வடிவமைப்பில் நடைபாதை அதே மட்டத்தில் தொடர்ந்து போகும், வண்டிதான் ஏறி இறங்கும்.

அப்புறம் மழைநீர். வாகன நிறுத்தத்தின் நடுவே, தளத்தைவிடத் தாழ்வாகச் செடிப் பள்ளம் அமைத்து, சுற்றியுள்ள ஓரக்கல்லில் இடையிடையே திறப்பு விடுகிறார்கள், தார்த் தளத்தில் ஓடும் நீர் அதன் வழியே உள்ளே போய் மண்ணில் இறங்குகிறது. வரப்பை வெட்டி வயலுக்கு நீர் விடுகிறோமே, அதேதான். அதற்கு நம்மிடம் 'மடை' இருக்கிறது. ஆகவே 'ஓரமடை'. மடைக்கு உட்புறம் பள்ளத்தின் மண்மட்டம் ஐந்து செ.மீ. அளவுக்காவது இறங்கி இருப்பது நல்லது, இல்லாவிட்டால் சருகும் மண்ணும் வாயிலேயே தங்கி அடைத்துக்கொள்ளும், நீர் அதைத் தாண்டி அப்படியே ஓடிவிடும். வரைபடத்தில் வெறுமனே 'ஓரக்கல் வெட்டு' என்று எழுதினால் கட்டுபவர் அங்கே சரிவு வைத்துவிட்டுப் போவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. 'மதகு' என்று ஒருவர் கேட்டிருந்தார், அதில் கதவு போட்டு மூடுவது போன்ற நினைப்பு வருகிறது. பள்ளம் நிரம்பினால் மிகுநீர் வடிகாலுக்குப் போகும் வழிக்குக் 'கலிங்கு' கச்சிதம்.

சைக்கிள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வடிகால் மேல் போடும் தட்டியில் இடுக்குகள் பயணத் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும், நெடுக்கே இருந்தால் முன்சக்கரம் இறங்கி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். இதற்குப் புதுச்சொல் எதற்கு? 'குறுக்குக்கம்பித் தட்டி' என்றால் யாருக்கும் புரியும்.

கலைச்சொல் பட்டியலில் ஓரச்சரிவு, வண்டிக்கடவு, ஓரமடை மூன்றையும் தனித்தனிப் பதிவாகப் போடுங்கள், 'கெர்ப் கட்' என்று தேடினால் மூன்றும் வரட்டும். வண்டிக்கடவைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் தாருங்கள், மாற்றிக்கொள்ளலாம். ஓரமடையை மட்டும் நான் விடுவதாக இல்லை.