நகலெடுத்த கோப்பில் எப்போதாவது பூஜ்ஜியங்கள்: காரணம் என்ன?

கேள்வி:
வணக்கம். டெபியன் 12 சர்வரில், ஓப்பன் ஸெட்எஃப்எஸ் 2.1.11 கோப்பு முறைமையில், கம்பைல் செய்து கிடைக்கும் கோப்புகளை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் ‘சிபி’ கட்டளையால் வேறு அடைவுக்கு நகலெடுக்கிறது. எப்போதாவது ஒரு கோப்பு மட்டும் கெட்டுப்போகிறது. அளவு பைட் பிசகாமல் இருக்கிறது. ஆனால் ‘சிஎம்பி’ கொண்டு மூலத்தோடு ஒப்பிட்டால், நகலின் ஒரு பகுதி முழுக்கப் பூஜ்ஜியங்களாக இருக்கிறது. பிழைச்செய்தி வருவதில்லை, வெளியேறும் குறியீடும் 0தான். அதே கட்டளையைக் கையால் கொடுத்தால் சரியாக நகலாகிறது. நினைவகச் சோதனையிலும் ஸ்க்ரப்பிலும் (வட்டிலுள்ள தரவை எல்லாம் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடும் ஸெட்எஃப்எஸ் சோதனை) குறை தெரியவில்லை. உபுண்டு 22.04 உள்ள பழைய சர்வரில் இதே ஸ்கிரிப்ட் சிக்கலின்றி ஓடியது. எங்கே தேடுவது?

மறுமொழி 1:
மூலக் கோப்பு கெடாமல் இருப்பதுதான் முக்கியமான தடயம். உபுண்டு 22.04இல் இருப்பது கோர்யூட்டில்ஸ் (‘சிபி’ முதலான அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) 8.32, டெபியன் 12இல் 9.1. 2021இல் வந்த 9.0 முதல், கோப்பில் எங்கே தரவு, எங்கே வெற்றிடம் என்று ‘சிபி’ கோப்பு முறைமையிடம் கேட்டுக்கொண்டு, வெற்றிடம் என்று பதில் வந்த பகுதியைப் படிக்காமலே தாண்டிவிடுகிறது; நகலில் அந்தப் பகுதி பூஜ்ஜியங்களாகவே இருக்கும். கம்பைலர் அப்போதுதான் எழுதிய தரவு நினைவகத்திலிருந்து வட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் மிகச் சிறிய இடைவெளியில் இந்தக் கேள்வி வந்து விழுந்தால், எழுத வேண்டியது நிலுவையில் இருப்பதைக் கவனிக்காமல், அந்த இடம் வெற்றிடம் என்று ஸெட்எஃப்எஸ் சொல்லிவிடும். கையால் கட்டளை கொடுப்பதற்குள் அந்தக் கணம் கடந்துவிடுகிறது.

2023 நவம்பரில் இது பெரிதாகப் பேசப்பட்டது. முதலில் ஸெட்எஃப்எஸ் 2.2.0 பதிப்பின் பிளாக் குளோனிங் (நகலெடுக்கும்போது தரவை மறுபடி எழுதாமல் பகிர்ந்துகொள்ளும்) வசதிமீது சந்தேகம் விழுந்தது, 2.2.1இல் அதை முடக்கிய பிறகும் சிதைவு நிற்காததால்தான், பல ஆண்டுகளாக உள்ளே கிடந்த இந்த வழு வெளிப்பட்டது. 2.2.2, 2.1.14 பதிப்புகளில் திருத்தியிருக்கிறார்கள்.

மறுமொழி 2:
ஸ்க்ரப்பை இங்கே நம்பக் கூடாது. நகலில் உள்ள பூஜ்ஜியங்கள் முறைப்படி பதிவானவை என்பதால், செக்சம் பொருந்தவே செய்யும். ஸெட்எஃப்எஸ்ஸை மேம்படுத்தும்வரை ஸ்கிரிப்டில் ‘சிபி’க்குப் பதிலாக ‘ஆர்சிங்க்’ என்ற நகலெடுக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். அது வெற்றிடம் எங்கே என்று கேட்காமல் கோப்பு முழுவதையும் படிக்கிறது. இன்னொன்று: டெபியன் பதிப்பு எண்ணை மாற்றாமலே திருத்தங்களைச் சேர்ப்பதுண்டு; ஆகவே 2.1.11 என்பதை மட்டும் பார்க்காமல் பொதியின் மாற்றக் குறிப்பையும் படியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ‘ஆர்சிங்க்’குக்கு மாற்றிவிட்டேன், இன்றிரவு மேம்படுத்துகிறேன். ஏற்கெனவே நகலெடுத்தவற்றை எப்படிச் சரிபார்ப்பது?

மறுமொழி 1:
மூலம் இருப்பவற்றை ‘சிஎம்பி’யால் ஒப்பிடுங்கள். மூலம் அழிந்தவற்றை மறுபடி கம்பைல் செய்வதே நல்லது. நீண்ட பூஜ்ஜியத் தொடர் நல்ல கோப்பிலும் இருக்கக்கூடும் என்பதால், அதை மட்டும் தேடி முடிவுக்கு வர இயலாது.