அப்பாட்ட மிஞ்சின சொல் "மறுகா": பாரிசவாதத்துக்குப் பிறகு பேச்சுப் போனவங்களோட எங்கட அனுபவங்கள்

கல்லடியிலிருந்து ஒரு மகள்:

அப்பா இ.போ.ச. பஸ்ஸில மட்டக்களப்பு - கல்முனை ரூட்டில 26 வருசம் கண்டக்டர். போன வருசம் ஒருநாள் விடியக்காலம் வலக்கையைத் தூக்க ஏலாமக் கிடந்தார், வாயும் கோணியிருந்திச்சு. 1990 அம்புலன்சுக்கு அடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனம். உயிர் தப்பிற்று. வாயில மிஞ்சினது ஒரே ஒரு சொல்தான்: "மறுகா". எங்கட பக்கத்தில பிறகு எண்டதுக்குச் சொல்லுற சொல்.

தண்ணிக்கும் மறுகா, கோபத்துக்கும் மறுகா. பார்க்க வந்த சனம், "மூளை பிசகிற்றுப் போல கா" எண்டு அவருக்கு முன்னாலயே அம்மாட்டச் சொல்லிச்சு. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திற்றார். எல்லாம் விளங்கினபடியாத்தானே திரும்பினார்!

ஸ்பீச் தெரபி மிஸ்தான் எங்களுக்கு விளக்கினா. இதுக்குப் பேர் அபேசியா. பெரும்பாலான ஆக்களுக்குப் பேச்சு மூளையின்ர இடப்பக்கத்தில இருக்கு, அங்க அடிபட்டா வலக்கையும் பேச்சும் சேர்ந்து போகலாம். 1861இல் பாரிசில புரோக்கா எண்ட டொக்டர் ஒரு நோயாளியைப் பார்த்தாராம். எதைக் கேட்டாலும் அவர் "டான்" எண்டுதான் சொல்லுவார். செத்த பிறகு மூளையைப் பார்த்தா, இடப்பக்க முன்பகுதி பழுதாகியிருந்திச்சு. அதைக் கேட்டு அம்மா அழுதுபோட்டா. அப்பாக்குப் பித்து இல்ல எண்டு அண்டைக்குத்தான் அவவுக்கு மனசு ஆறிச்சு.

நாங்க விட்ட பிழை ஒண்டு. அவர் வாயைத் திறக்க முதலே, "சோறா? தேத்தண்ணியா? காலைப் பிடிச்சு விடவா?" எண்டு ஒரே மூச்சில கேட்பம். பாசத்திலதான் கேட்டம், ஆனா அவர் சொல்லைத் தேடுறதுக்கு இடமே விடல்ல. அதோட அவர் "ஓம்" எண்டா சிலநேரம் இல்லை எண்டு அர்த்தம். மிஸ் சொன்னது இதுதான்: டிவியை நிப்பாட்டுங்க, ஒரு கேள்வி கேளுங்க, மனசுக்க பத்து எண்ணுங்க, பெருவிரலைக் காட்டச் சொல்லி ஓமா இல்லையா எண்டு சரிபாருங்க. குழந்தைப்பிள்ளையோட கதைக்கிற குரல் மட்டும் வேணாம். பத்து எண்ணுறது லேசில்ல. எனக்கே அது பழக ரெண்டு மாசம் எடுத்திச்சு.

மறுகா ஒருநாள் தம்பி சும்மா, அப்பாட பஸ் ரூட்டில வாற ஊர்களை "காத்தான்குடி, ஆரையம்பதி..." எண்டு இழுத்தான். அப்பா கட்டிலில இருந்துகொண்டே, "தாழங்குடா" எண்டார். தெளிவா!

சாய்ந்தமருதிலிருந்து ஒருவர்:

எங்கட உம்மாவுக்கும் இதேதான். தொழுகையில ஓதுற பாத்திஹா சூறாவை ஒரு பிசகில்லாம ஓதுவாங்க, தண்ணி எண்டு கேட்க வராது. நடிக்கிறாங்க எண்டு சொந்தக்காரரே கதைச்சது நெஞ்சில குத்திச்சு. பழகிப் பழகி வரிசையா நாக்கில ஏறினதெல்லாம், யோசிச்சுத் தேடி எடுக்கிற சொல் மாதிரி இல்ல, அது தானா ஓடும் எண்டு பிறகுதான் விளங்கிச்சு. பேரப்பிள்ளைகள் எத்தனை எண்டு கேட்டா, உம்மா ஒண்டில இருந்து எண்ணி நாலில நிப்பாட்டுவாங்க. அந்த நிப்பாட்டுறதுதான் அவங்கட பதில். உங்கட வாப்பாட பஸ் ஹோல்ட்டுகளை விட்டுராதீங்க, தங்கச்சி.

அம்பாறையிலிருந்து ஒரு மகன்:

வீட்டில ரெண்டு மொழி புழங்கினா அதையும் கட்டாயம் சொல்லுங்க. எங்கட அப்பா நெல்லு லொறி ஓடினவர், வீட்டில தமிழ், வெளியில சிங்களம். முதல்ல பார்த்த இடத்தில சிங்களத்தில மட்டும் கேட்டுப்போட்டு, விளக்கம் குறைவு எண்டு எழுதிற்றாங்க. தமிழ் தெரிஞ்ச ஒருவர் கேட்டப்போ அரைவாசிக்கு மேல சரியாக் கை காட்டினார். ரெண்டு மொழியும் ஒரே வேகத்தில திரும்ப வரும் எண்டில்ல. கூடப் பழகின மொழி முந்தி வரும் எண்டு 1895இலேயே பித்ர் எண்ட பிரெஞ்சு டொக்டர் எழுதியிருக்கார், ஆனா எல்லாருக்கும் அப்படி நடக்கிறதுமில்ல. இப்ப அப்பா தண்ணியைச் சிங்களத்தில "வத்துர" எண்டுதான் கேட்பார். நாங்க திருத்திறதில்ல. தண்ணி குடுக்கிறம்.

கல்லடியிலிருந்து ஒரு மகள்:

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணன். அதுக்குப் பிறகு நாங்க செய்ததையும் எழுதுறன். ஒவ்வொரு ஹோல்ட்டையும் போனில படம் பிடிச்சு ஒரு கொப்பியில ஒட்டினம். வரிசையாச் சொல்ல விட்டு, இடையில ஒரு படத்தை மூடுவம். மறுகா வரிசையைக் குழப்பி, தனிப்படமாக் காட்டுவம். அங்கதான் திணறுவார். "களு..." எண்டு முதல் எழுத்தைக் குடுத்தா "களுதாவளை" வரும். பிறகு அங்க என்ன விளையும், ஆர் ஏறுவாங்க எண்டு கேட்பம். "வெத்திலை" அப்படித்தான் வந்தது. சீனியை இன்னும் உப்பு எண்டுதான் சொல்லுறார், பரவாயில்ல. முதல் மூணு நாலு மாசத்திலதான் வேகமா மாறும், ஆனா வருசக்கணக்கானாலும் முன்னேறலாம் எண்டு மிஸ் சொன்னவ. அதால நாங்க ஒருநாளும் விடல்ல.

நேத்து ராவு நான் வேலையால பிந்தி வந்தன். அவருக்குச் சோறு போடப் போக, கையைப் பிடிச்சு நிப்பாட்டினார். நான் வாயைத் திறக்கல்ல, பத்து எண்ணினன்.

"நீ... தின். மறுகா... நான்."