வத்தல் போடுவது சந்தோஷமா, சுமையா?

திருநகர் மாடி:
பங்குனி வெயில் ஏறிவிட்டது. ஒரு காலத்தில் இந்த மாதத்தில் எங்கள் தெருவில் எந்த மொட்டை மாடியைப் பார்த்தாலும் பழைய வேட்டி விரித்துக் கூழ்வத்தல் காயும், இப்போது தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும்தான். கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள், மதுரை கீழமாசி வீதியில் கிலோக்கணக்கில் கிடைக்கிறது, எதற்கு மெனக்கெட வேண்டும் என்று. என் கட்சி இதுதான்: தின்பதற்காக மட்டும் நாம் வத்தல் போடவில்லை. புரட்டாசியில் கொலு, கார்த்திகையில் பொரி உருண்டை, மார்கழியில் கோலம், பங்குனியில் வத்தல் என்று வருடம் முழுக்கக் கைக்கு ஏதாவது ஒரு வேலை இருந்தது, அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை விட்டுவிட்டு லீவு நாளில் மாலில் போய் நிற்கிறோம். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

வைகைக்கரை:
மறுக்கிறேன். அண்ணே, நீங்கள் அடுக்கிய வேலைகளில் ஒன்றையாவது அந்தக் காலத்து ஆண்கள் செய்தார்களா? எங்கள் வீட்டில் கூழ்வத்தல் என்றால் அம்மா முதல் நாள் ராத்திரியே அரிசி ஆட்டி வைத்துவிட்டு, விடிவதற்கு முன்னால் எழுந்து கூழ் காய்ச்சுவார். கைவிடாமல் கிண்ட வேண்டும், விட்டால் கட்டி தட்டும், அடிபிடிக்கும். வெயில் ஏறுவதற்குள் பிழிந்து முடிக்க வேண்டும் என்பதால் அக்காவும் நானும் மாடியில் நிற்போம், தம்பி தூங்குவான். காக்கா விரட்டுவது, சாயங்காலம் எடுத்து வைப்பது எல்லாம் நாங்கள்தான், அதுவும் பரீட்சை நேரத்தில். இதைப் போய் சந்தோஷம் என்று எழுதினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த வேலையில் கை வைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். ஐந்து மணி நேரம் உழைத்துக் களைத்தவளிடம் போய், பருவத்துக்கு ஏற்ற மாதிரி இன்னும் கொஞ்சம் உழை என்கிறீர்கள்.

புதூர்ப் பையன்:
எனக்கு வேறு சந்தேகம். இதில் சொந்தக் கற்பனை எங்கே இருக்கிறது? அம்மா போட்ட அதே கோலம், பாட்டி சொன்ன அதே பக்குவம். நான் கணினியில் படம் வரைகிறேன், நேற்று இல்லாத ஒன்று இன்று வருகிறது. வத்தலில் என்ன வரும்? அப்புறம், கடை வத்தலும் எங்கோ பெண்கள் பிழிந்ததுதான். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் எத்தனையோ இதைப் போட்டு விற்கின்றன, அவர்கள் கைக்குக் காசாவது போகிறது.

செல்லூர் தறி:
வாங்குங்கள் தம்பி, அதை யாரும் தப்பு சொல்லவில்லை. ஆனால் கோலத்தில் கற்பனை இல்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சிக்குக் கோலம் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? புள்ளி வைத்துவிட்டு, எல்லாப் புள்ளியையும் சுற்றி இழையைக் கொண்டுவந்து தொடங்கிய இடத்திலேயே சேர்க்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு வளைவை மாற்றிப் போட்டாலும் மொத்தமும் வேறு கோலமாகிவிடும், சில நேரம் ஒற்றை இழையாக வர வேண்டியது இரண்டாகப் பிரிந்து நிற்கும். எங்கே திருப்பினால் எங்கே போய் முட்டும் என்று மனசுக்குள் கணக்குப் போடாமல் அது வராது. சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் 1970களில் இந்தக் கோலங்களை வைத்துத்தான் கணினி அறிவியலில் பட இலக்கணங்களை, அதாவது படங்களை உருவாக்கும் விதிகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். எங்கள் வீட்டில் தறி ஓடியது. நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் எல்லாருக்கும் ஒன்றுதான், துணியின் கரையில் என்ன விழுகிறது என்பதில்தான் நெய்தவர் யாரென்று தெரியும். கோலமும் அப்படித்தான்.

உசிலம்பட்டி மருமகள்:
நான் திருநகர் அண்ணன் பக்கம். எனக்கு வத்தல் இல்லை, பூ. பங்குனி, சித்திரையில் மல்லி வரத்து கூடி விலை இறங்கும்போது மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலிருந்து உதிரியாக வாங்கி வரச் சொல்வேன். மார்கழிப் பனியில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும், அப்போது அந்தப் பக்கமே போவதில்லை. மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, இதழ் தடிப்பாக இருக்கும், மொட்டு கல் மாதிரி இறுகியிருக்கும்போதே கட்ட உட்கார வேண்டும். வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, காம்போடு காம்பு சேர்த்து வைத்து, நாரை விரலில் சுற்றி முடிச்சை இறுக்க வேண்டும். கூடுதலாக இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர விட்டால் தலையில் வைத்த கொஞ்ச நேரத்தில் உதிரும். அந்த இறுக்கம் எவ்வளவு என்பது விரலுக்குத்தான் தெரியும், வாயால் சொல்லிக்கொடுக்க முடியவில்லை, என் மகளுக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இருட்டுகிற நேரத்தில் மொட்டு விரியத் தொடங்கினால் வீடு முழுக்க வாசம். கட்டிய பூ தெருமுனையிலேயே முழக் கணக்கில் கிடைக்கிறது. என்னை யாரும் கட்டச் சொல்லவில்லை, கட்டாவிட்டால் யாரும் கேட்கப்போவதும் இல்லை. ஆபீஸ் விட்டு வந்து எனக்காக நான் செய்கிற ஒரே வேலை அது.

வைகைக்கரை:
யாரும் கேட்கப்போவதில்லை என்கிறீர்களே, அதுதான் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. மார்கழியில் ஒரு நாள் வாசல் வெறுமையாகக் கிடந்தால் தெருவே வந்து விசாரிக்கும், அம்மா காய்ச்சலோடு குனிந்து புள்ளி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். இஷ்டப்பட்டுச் செய்கிற உங்களோடு எனக்குச் சண்டை இல்லை, நன்றாகக் கட்டுங்கள். அந்தக் காலம் மாதிரி வருமா என்று ஏங்குகிறார்களே, அவர்களோடுதான் சண்டை. திருநகர் அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன், கூழ் காய்ச்சிய அண்டாவை உங்கள் வீட்டில் யார் கழுவுகிறார்கள்?

திருநகர் மாடி:
நான்தான். தண்ணீர் ஊற்றி ஊற வைத்தால் அடி தானாக விட்டுவிடும். வத்தல் என் ஆசை, அதனால் அரைப்பது முதல் டப்பாவில் அடைப்பது வரை என் பொறுப்பு, வீட்டுக்காரி வேலைக்குப் போகிறவர், அவருக்கு இதில் நாட்டமில்லை, நானும் கூப்பிடுவதில்லை. பிள்ளைகள் அவர்களாகவே வருவார்கள். மகன் முறுக்கு உழக்கில் பிழிவான், மகள் கரண்டியால் ஊற்றி மீன், நண்டு, தன் பெயரின் முதல் எழுத்து என்று என்னென்னவோ போடுவாள். பீட்ரூட் சாறு கலந்தால் ரோஸ் நிறம் வருகிறது என்று கண்டுபிடித்தது அவள்தான். புதூர்த் தம்பி, நேற்று இல்லாத ஒன்று இன்று வருவது இங்கேயும் உண்டு. கூழில் உப்பைக் கொஞ்சம் குறைத்தே போட வேண்டும், காய்ந்தால் ஏறிவிடும். மறுநாள் துணியைத் திருப்பிப் போட்டு முதுகில் தண்ணீர் தெளித்து உரிக்கும்போது, பாதி காய்ந்ததை எடுத்துத் தின்று பார்த்தால் புளிப்பும் காரமுமாக ஒரு ருசி இருக்கிறதே, அதை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

வைகைக்கரை:
நீங்கள் செய்வதை மதிக்கிறேன். ஆனால் உங்கள் ஒரு வீட்டை வைத்து ஊரையே சொல்லாதீர்கள். முதலில் எழுதியபோதே நான்தான் போடுகிறேன் என்று சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சமாகியிருக்கும். விட்டுவிட்டோம் என்று பொத்தாம்பொதுவாக எழுதும்போது அந்தக் குற்றச்சாட்டு நேராகப் பெண்கள் தலையில் போய் விழுகிறது.

ஆனையூர் வாடகை:
எல்லாரும் மாடி, மாடி என்கிறீர்கள். எங்கள் மாடிச் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கிறது, துணி காயப்போடவே கேட்டு வாங்க வேண்டும். ஆசை இருக்கிறது, இடம் இல்லை. இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

உசிலம்பட்டி மருமகள்:
மோர் மிளகாய் போடுங்கள் அக்கா, ஜன்னலில் ஒரு தாம்பாளம் வைக்க இடம் போதும். மிளகாயைக் கீறி உப்பு போட்ட மோரில் ஊற வையுங்கள். பகலில் எடுத்துக் காய வைத்து ராத்திரி மறுபடியும் அதே மோரில் போடுங்கள், மோர் முழுக்க இழுத்துக்கொள்கிறவரை. சீனியவரைக்காயும் அப்படித்தான், அவித்து ஊறப்போட்டுக் காய வைக்கலாம்.

மேலூர்க்காரன்:
போடுகிறவர்கள் இந்த மாதத்திலேயே போட்டுவிடுங்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் திடீரென்று கோடை மழை வந்துவிடுகிறது, பகலெல்லாம் கொளுத்திவிட்டு நாலு மணிக்கு மேல் இடி இடிக்கும். பாதி காய்ந்த வத்தல் ஒரு தடவை நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும், அப்புறம் எவ்வளவு காய வைத்தாலும் வாடை போகாது. வைகைக்கரை அக்கா கேட்டதற்கு இங்கே எத்தனை ஆண்கள் பதில் சொல்வீர்கள் என்று நானும் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் அண்டா கழுவுவது அம்மாதான், இந்த வருடம் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.