தங்கையின் முதல் கரடி வேட்டை: உதை குறைந்த தோட்டா எது?

கம்மனஹள்ளிக்காரன்:
வணக்கம். என் தங்கை கல்யாணமாகி பிரிட்டிஷ் கொலம்பியாவில் குடியேறி ஆறு வருஷம் ஆகிறது. பெங்களூரில் இருந்தவரை நானும் அவளும் ஒரே கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுட்டவர்கள். இப்போது அங்கே துப்பாக்கி உரிமம், வேட்டை உரிமம் எல்லாம் எடுத்துவிட்டாள், செப்டம்பரில் மாப்பிள்ளையோடு கருங்கரடி வேட்டைக்குப் போகிறாள். அவருடைய தேர்ட்டி-ஓ-சிக்ஸ் (.30-06) ரைபிளில் 180 கிரெய்ன் (சுமார் 12 கிராம்) குண்டு போட்டுச் சுட்டவள் மூன்றாவது தோட்டாவுக்கே கண்ணை மூட ஆரம்பித்துவிட்டாளாம். போன வருஷம் பனியில் வழுக்கி விழுந்து காரை எலும்பு முறிந்த தோள் வேறு. வீடியோவில் காட்டினாள், உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருக்கிறது. கடையில் 125 கிரெய்னில் உதை (சுடும்போது துப்பாக்கி தோளில் இடிப்பது) குறைத்த தோட்டா கிடைக்கிறதாம். கரடிக்கு அது போதுமா? அரை கிராம் பெல்லெட்டைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது, அவளோ என்னைத்தான் கேட்கிறாள்.

அல்சூர் ஏரிக்கரை:
தம்பி, நான் பல வருஷம் அல்பெர்ட்டாவில் இருந்துவிட்டுத் திரும்பியவன். மானுக்கு 125 தாராளம். கரடிக்கு நான் கொடுக்க மாட்டேன். செப்டம்பரில் அதன் உடம்பெல்லாம் கொழுப்பு, மேலே அடர்ந்த ரோமம். குண்டு நுழைந்த ஓட்டையைக் கொழுப்பு அடைத்துவிடும், வருகிற கொஞ்ச ரத்தத்தையும் ரோமமே குடித்துவிடும், தரையில் ஒரு சொட்டு இருக்காது. அடிபட்ட கரடியை இருட்டுகிற நேரத்தில் புதருக்குள் தேடுவது என்ன என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். அதனால் குண்டு மறுபக்கம் வெளியே வர வேண்டும், அதற்கு உள்ளே சிதறாமல் இருக்க வேண்டும்.

1946-இல் ஜான் நாஸ்லர் என்பவர் அதே பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு காய்ந்த தோலோடு நின்ற மூஸ் என்ற பெரிய மான் வகை விலங்கைச் சுட்டபோது குண்டு ஆழமாக இறங்கவில்லை. அதற்கப்புறம் அவர் செய்ததுதான் பார்ட்டிஷன் குண்டு. நடுவில் செம்புத் தடுப்பு இருக்கும், முன்பாதி விரிந்தாலும் பின்பாதி கட்டுக்குலையாமல் போய்க்கொண்டே இருக்கும். அதில் 150 அல்லது 165 கிரெய்ன் எடுக்கச் சொல்லு.

உதைக்கும் கணக்கு இருக்கிறது. 8 பவுண்டு துப்பாக்கியில் தேர்ட்டி-ஓ-சிக்ஸ் 180 கிரெய்ன் சுமார் 20 அடி-பவுண்டு உதைக்கும். அதே எடையில் செவன்-எம்எம்-ஓ-எயிட் (7mm-08) என்ற சற்றுச் சிறிய தோட்டாவுக்கான ரைபிள், 140 கிரெய்ன், 12 அல்லது 13தான். யாரிடமாவது அது கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

கம்மனஹள்ளிக்காரன்:
ரொம்ப நன்றி ஐயா. மாப்பிள்ளை வீட்டிலேயே தோட்டா நிரப்புவார். வெடிமருந்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் ஆகாதா என்று கேட்கிறார்.

ஜாலஹள்ளி ரேஞ்ச்:
எந்த மருந்து என்பதைப் பொறுத்தது அண்ணா. ஹாட்ஜ்டன் கம்பெனியின் எச்4895 என்ற வெடிமருந்துக்கு மட்டும் உச்ச அளவின் 60 சதவீதம் வரை இறக்கலாம் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. மெதுவாக எரியும் மருந்தைக் குறைத்து, தோட்டாக் கூட்டைப் பாதி காலியாக விட்டால் அழுத்தம் தாறுமாறாக ஏறி துப்பாக்கியே பிளந்துபோகலாம், கம்பெனி கையேட்டில் இல்லாத அளவை அவர் தொடவே கூடாது. அப்புறம், 60 வரை இறங்கலாம் என்பதற்காகக் கரடிக்கு அவ்வளவு இறங்காதீர்கள். பெரும்பாலான வேட்டைக் குண்டுகள் விநாடிக்கு 1800 அடிக்குக் கீழே சரியாக விரியாது, ஊசி போல உருவிக்கொண்டு போய்விடும். துப்பாக்கி வாயில் இல்லை, கரடியைத் தொடும் இடத்தில் அந்த வேகம் இருக்க வேண்டும். மெதுவான தோட்டா தாழ்வாகவும் விழும், குறியை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அல்சூர் ஏரிக்கரை:
கண்ணை மூடுகிற பழக்கத்தை முதலில் போக்க வேண்டும் தம்பி. மாப்பிள்ளை அவள் பார்க்காமல் நல்ல தோட்டாவையும் மருந்தில்லாத டம்மியையும் கலந்து போடட்டும். டம்மியில் சுடும்போது குழல் முனை சட்டென்று கீழே இறங்கினால், உதைக்குப் பயந்து முன்கூட்டியே அசைகிறாள் என்று அவளுக்கே புரிந்துவிடும். முதலில் தோள் ஆறட்டும், அதுவரை உதை மிகக் குறைந்த பாயிண்ட் டூ-டூ சிறு ரைபிளில் பழகட்டும். வேட்டையில் 80 மீட்டருக்குள், கரடி பக்கவாட்டில் நிற்கும்போது, அவள் பக்கம் இருக்கும் முன்கால் முன்னே போகும்வரை காத்திருக்க வேண்டும். குட்டி கூட இருந்தால் தொடக் கூடாது, சட்டமும் அதுதான்.

கம்மனஹள்ளிக்காரன்:
இப்போதுதான் பேசினேன். மாப்பிள்ளையின் நண்பரிடம் செவன்-எம்எம்-ஓ-எயிட் இருக்கிறதாம், இரவல் கேட்கப் போகிறார்கள். குண்டு 140 கிரெய்ன் பார்ட்டிஷன். டம்மி சோதனையில் குழல் எவ்வளவு இறங்கியது என்று ஞாயிற்றுக்கிழமை வீடியோ அனுப்புவாள், வந்ததும் இங்கே எழுதுகிறேன்.